நம் பிளஷருக்கு எஃப்.சி. கிடைத்தது

என் மகனுக்கு அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவின் கால் நலம், என் கண் நலம், நீ விட்டுப் போன பிளஷர் காரும் நலம். முதல் இரண்டையும் ஒவ்வொரு கார்டிலும் மறக்காமல் விசாரிக்கிறாய். மூன்றாவதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் எழுதினாய். கொட்டகையில் சும்மா நிற்கிற வண்டியை இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாமே என்று. அதைப் படித்த அன்று அப்பா இட்லியைத் தொடவில்லை. "பிலாய்ல இரும்பு காய்ச்சுறான் இல்ல, அவனுக்குப் பாக்குறதெல்லாம் இரும்பாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குப் போய் வண்டியின் படியில் உட்கார்ந்துகொண்டார். நான்தான் தட்டை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

மாசி மகத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதிய கார்டும் வந்து சேர்ந்தது. உனக்குப் பதில் ஷிப்டு பார்க்க ஆள் இல்லை, மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் இல்லை என்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். அது பொய். கோபமாகத்தான் இருந்தேன். உனக்காக இடித்து வைத்த முறுக்கு மாவைப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தேன். இப்போது கோபம் ஆறிவிட்டது. உன்னைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் ஆறாமல் இருக்கிறது. அதனால் உனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை எழுதப் போகிறேன். எழுதக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் கண்டிப்பாகச் சொன்னதை நான் எப்படிக் கேட்டிருக்கிறேன் என்று உனக்குத்தான் தெரியுமே.

நீயும் மருமகளும் மகத்துக்கு வருகிறீர்கள் என்று மார்கழியில் எழுதினாய் அல்லவா, அன்றைக்கே அப்பா முடிவு கட்டிவிட்டார். உன் கல்யாணம் பெண் வீட்டாரோடு பிலாயிலேயே நடந்தது. அப்பாவின் காலில் இரண்டாம் முறை கத்தி வைத்திருந்த சமயம், எங்களால் வர முடியவில்லை. மருமகளை நாங்கள் பார்த்திருப்பது போட்டோவில் மட்டும். அதிலும் அவள் வெட்கப்பட்டுத் தரையைப் பார்க்கிறாள், நீ போட்டோக்காரனை முறைக்கிறாய். அப்படிப்பட்ட பெண் முதன்முதலாக விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கும்போது, ஊரெல்லாம் சவாரி போன டாக்ஸிக்காரன் வீட்டு மருமகள் குதிரை வண்டியில் வருவதா என்பது அவர் பேச்சு. "நம்ம வண்டியிலதான் அவங்கள வூட்டுக்குக் கூட்டியாரணும். நானே ஓட்டுறேன். அவனுக்கு எழுதிடாத. எறங்கிப் பாத்து அசந்து போவணும்" என்றார். டாக்டர் ஓட்டக் கூடாது என்று சொன்ன கால் அது. கிளட்ச் மிதிக்க வேண்டிய இடது கால். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் கால் உடைந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததே இல்லை.

ஆனால் டாக்ஸி என்றால் எஃப்.சி. வேண்டும். வண்டி நின்றதில் அது எப்போதோ காலாவதியாகிவிட்டது. ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் தெருமுனையைத் தாண்டலாம். அவர் கடலூரிலிருந்து மாதம் ஒரு முறை வந்து பங்களா மைதானத்தில் வண்டிகளைப் பார்ப்பார். மகத்துக்கு முன்னால் அவர் வருவது தையில் ஒரு தரம், மாசி பிறந்ததும் ஒரு தரம், அவ்வளவுதான். அதற்குள் வண்டியை எழுப்பியாக வேண்டும்.

வண்டியை எழுப்புவதற்கு முன்னால் என் பொம்மைகளை அதிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. இது உனக்குத் தெரியாத கதை. நீ போன பிறகு பீங்கான் பட்டறையிலிருந்து பொம்மைகளை வீட்டுக்கு வாங்கிவந்து விளிம்பு சீவிக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டேன். அச்சிலிருந்து வந்த பச்சைப் பொம்மைக்குக் காற்றே ஆகாது. ஒரு பக்கம் காய்ந்து ஒரு பக்கம் ஈரமாக இருந்தால் கழுத்தில் வெடிப்பு விடும். வீட்டில் எங்கே வைத்தாலும் வெடித்தது. அப்புறம்தான் பிளஷர் ஞாபகம் வந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் உள்ளே காற்று அசையாது, கொட்டகை ஓட்டின் சூடு மட்டும் மெல்ல இறங்கும். பின் சீட்டில் பலகை போட்டுப் பிள்ளையாரையும் லட்சுமியையும் செட்டியாரையும் செட்டிச்சியையும் உட்கார வைத்தேன். ஒன்றுகூட வெடிக்கவில்லை. தெருவில் மற்ற பெண்களும் தங்கள் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா ஆரம்பத்தில் முணுமுணுத்தார். பிறகு தினமும் காலையில் கதவைத் திறந்து, "இன்னிக்கு ஆரு ஆரு பிரயாணம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். பொம்மைகளை இறக்கிய அன்றுதான் அதன் பலன் தெரிந்தது. பச்சை மண்ணின் ஈரம் இறங்கி அடித் தகரம் துருவேறியிருந்தது. சீட்டுத் தையல், மீட்டர், பொத்தான் இடுக்கு, எங்கே தட்டினாலும் வெள்ளை மாவு பறந்தது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சூசை மேஸ்திரியை உனக்கு நினைவிருக்கும், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், நீ சின்ன வயதில் அவருடைய கிரீஸ் டப்பாவில் கை விட்டு அடி வாங்கியவன். அவர்தான் வந்தார். டேங்கில் கிடந்த பெட்ரோல் கருப்பட்டிப் பாகு மாதிரி ஆகியிருந்தது, அதை வடித்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பேட்டரி புதிது, பிரேக்கில் ரப்பர்கள் புதிது, டயர்கள் வெடித்துப் போனதால் அவையும் மாற்று. அடித் தகரத்துக்கு ஒட்டுப் போட்டார்கள். எல்லாம் முடித்து ஹேண்டில் போட்டுச் சுற்றினார்கள். இன்ஜின் இருமிற்று, பிடித்தது, நாங்கள் மூச்சு விடுவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி சுற்றினார்கள். மறுபடி பிடித்து அணைந்தது. அன்று முழுக்க அதே கதை. மறுநாளும் அதே கதை. சூசை பிளக்கைக் குறை சொன்னார், பிறகு காயிலைக் குறை சொன்னார், கடைசியில் வண்டியின் வயதைக் குறை சொன்னார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உன் இரும்புக் கடைப் பேச்சு அவர் காதில் ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

அவர்கள் டீ குடிக்கப் போன நேரம் நான் வண்டியின் பின்பக்கம் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். புகைக் குழாயின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கும் என்று துடைப்பக் குச்சியை விட்டேன். குச்சி கொஞ்ச தூரம்தான் போயிற்று. உள்ளே கெட்டியாக முட்டியது. டீ குடித்துவிட்டு வந்த சூசையிடம் சொன்னேன். அவர் குனிந்து பார்த்தார், ஸ்குரூ டிரைவரால் ஓரத்தைச் சுற்றிச் சுரண்டினார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வெளியே வந்தது ஓர் உருண்டை மண். பீங்கான் மண். உள்பக்கம் கரி, வெளிப்பக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் நடுவே பள்ளமாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலை உத்தரவு வந்து நீ பிலாய்க்குப் புறப்பட்ட அன்று. அப்பா கால் ஒடிந்து கட்டிலில் கிடக்கிறார். அதுவரை நீதான் சவாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, உன்னைக் காணோம். கூப்பிட்டுக்கொண்டே கொட்டகைக்கு வந்தேன். நீ வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்திருந்தாய். கையெல்லாம் மண். "குழாயில எலி பூந்து கூடு கட்டிரும்மா, அடைச்சுட்டேன். நான் வந்து எடுத்துக்கறேன்" என்றாய். நம் ஊரில் எந்த ஓட்டையையும் பீங்கான் மண்ணால்தானே அடைப்போம், தண்ணீர்க் குழாயானாலும் சரி, சுவரில் எறும்புப் புற்றானாலும் சரி. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயிலுக்கு நேரமாச்சு, கையைக் கழுவு என்று அதட்டினேன். நீ கிளம்பும்போது உன்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான். அடுத்த வருஷமே வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், இல்லாவிட்டால் அப்படி அழுத்தி அடைத்திருக்க மாட்டாய்.

குழாய் திறந்ததும் வண்டி ஒரே சுற்றில் பிடித்தது. கொட்டகை முழுக்கப் புகை. பக்கத்து வீட்டுக்காரி தீப்பிடித்ததென்று தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தாள். அப்பா அந்தப் புகைக்குள் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே அழுதார். கண் எரியுது என்றார். இருக்கலாம்.

அடுத்து அவருடைய காலைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. தினமும் காலையில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டே கிளட்சை மிதித்து விட்டு, மிதித்து விட்டுப் பழகினார். வலியை மறைக்க வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொள்வார். உனக்கு அவர் மணிமுத்தாற்று மணலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? நீ கிளட்சைப் படக்கென்று விட்டு வண்டியை அச்சு வரைக்கும் மணலில் இறக்கிவிட்டாய். கரும்பு ஏற்றிக்கொண்டு பெண்ணாடம் ஆலைக்குப் போன டிராக்டர்காரரைக் கெஞ்சி இழுத்து வந்தோம். அன்று அவர் உன்னைப் போட்டுத் திட்டிய திட்டு கரை வரை கேட்டது. இப்போது வண்டியை முதன்முதலாக நகர்த்திய அன்று அவரே படக்கென்று விட்டு அதைக் கொட்டகைச் சுவரில் முட்டினார். நான் திட்டவில்லை. உன் பேரைச் சொல்லிச் சிரித்தேன், அவரும் சிரித்தார். நீயும் உன் மனைவியிடம் அப்படி இரு. அவள் சமையலில் உப்புக் கூடினால் உன் முதல் மாதச் சமையலை நினைத்துக்கொண்டு சாப்பிடு. உன் அப்பாவுக்கு இந்தப் பொறுமை வருவதற்குக் கால் உடைய வேண்டியிருந்தது.

தை மாதம் பங்களா மைதானத்துக்குப் போனோம். நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். லாரிகளும் பஸ்ஸும் வரிசையில் நிற்க, நடுவே நம் பிளஷர் கருப்பும் மஞ்சளுமாகப் புதுப் பெயிண்டில் மின்னியது. இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர், சின்ன வயசு. ஹாரன் அடித்தார், விளக்குப் பார்த்தார், கைபிரேக்கை இழுத்து வண்டியைத் தள்ளச் சொன்னார். பிறகு தானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். பிரேக் அடித்த இடத்தில் வண்டி நின்றது. இறங்கி நடந்தார் பார், எங்களுக்கு உயிரே போயிற்று. அவருடைய காக்கிக் கால்சட்டையின் பின்பக்கம் முழுக்க வெள்ளை. சீட்டை எத்தனை தடவை அடித்தும் பஞ்சுக்குள் பதுங்கியிருந்த மாவு அவர் உட்கார்ந்ததும் வெளியே வந்துவிட்டது. வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான்தான் இறங்கிப் போய், பொம்மை காய வைத்த கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பித் தட்டிக்கொண்டே சிரித்துவிட்டார். ஆனால் சிரித்த முகத்தோடேயே புகைக் குழாய்க்குப் பின்னால் போய் நின்று, ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி, வெள்ளைக் கைக்குட்டையை நீட்டினார். அது கறுப்பாகிவிட்டது. இந்தப் புகையோடு கையெழுத்துப் போட முடியாது, சரி செய்துகொண்டு அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அப்பா சூளைகளைக் காட்டிக்கொண்டே வந்தார். "பாரு, ஊரே புகையிலதான் நிக்குது. எம்மாம் புகைபோக்கி இருக்குது. என் வண்டி வுடுற புகைதான் அவுரு கண்ணுல பட்டுதா?" அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று அவருக்கே தெரியும். சூசை இன்ஜினைப் பிரித்தார். உள்ளே பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து ஆயில் ஏறி எரிகிறது, அதுதான் புகை என்றார். நம் வண்டிக்கு ஏற்ற ரிங்கு இங்கே கிடைக்கவில்லை. அப்பா அந்தக் காலோடு பஸ் ஏறிக் கடலூருக்குப் போனார், அங்கே இல்லையென்று பாண்டிச்சேரிக்குப் போனார். நான் என் பங்குக்குச் சீட்டையெல்லாம் பிரித்துப் பஞ்சை வெயிலில் உலர்த்தி அடித்து, புது உறை தைத்துப் போட்டேன். பின் சீட்டுக்கு மட்டும் பூப்போட்ட துணி. மருமகள் உட்காரப் போகும் இடம் என்று பாய் ஜவுளிக் கடையில் தேடித் தேடி எடுத்தது.

மாசி பிறந்ததும் மறுபடி மைதானத்துக்குப் போனோம். அதே இன்ஸ்பெக்டர். இந்தத் தடவை சீட்டில் உட்காருவதற்கு முன் கையால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். புகைக் குழாயின் பின்னால் நின்றார். அப்பா மிதித்தார். கைக்குட்டையை விரித்து வெளிச்சத்தில் காட்டினார், லேசாகப் பழுப்பு. அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, எதற்கு இவ்வளவு அவசரம் என்று விசாரித்தார். "புள்ள வரான் சார், மருமவளோட" என்றார் அப்பா. அந்த வார்த்தையை அவர் எப்படிச் சொன்னார் என்பதை எனக்கு எழுதத் தெரியவில்லை. நீ பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது உன் கார்டு கதவிடுக்கில் கிடந்தது. நான் படித்துச் சொன்னேன். அவர் சரி என்றார். வேலையை விட்டுவிட்டு எப்படி வருவான், நாமளும் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததுண்டா என்று உனக்காகப் பேசினார். ஆனால் நீங்கள் வருவதாக இருந்த அன்று காலை குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். சும்மா ஜங்ஷன் வரைக்கும் ஓட்டிப் பாக்கலாம்னு என்றார். நானும் ஏறிக்கொண்டேன். புதுப் புடவைதான் கட்டியிருந்தேன், ஏன் என்று என்னைக் கேட்காதே.

மெட்ராஸ் ரயில் வந்தது. மகத்துக்கு வந்த ஜனம் திமுதிமுவென்று இறங்கியது. நீ வர மாட்டாய் என்று கார்டில் எழுதியிருக்கிறது, நானே படித்திருக்கிறேன். இருந்தாலும் தோளில் பெட்டி வைத்து நடந்த ஒவ்வொருவனையும் பார்த்தேன். உன்னைப் போலவே பின்மண்டை உள்ள ஒருவன் திரும்பினான். வேறு யாரோ. கூட்டம் கலைந்த பிறகு, கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் அவள் புருஷனும் வந்து, சேத்தியாத்தோப்புக்கு வண்டி வருங்களா என்று கேட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவள் பூப்போட்ட சீட்டில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். எழுந்திரு, அது என் மருமகள் இடம் என்று சொல்லத் தோன்றியது. அந்தக் குழந்தை வழி முழுக்கத் தூங்கியது. நீயும் குழந்தையில் அழுதால் அந்த வண்டியில் ஏற்றினால்தான் தூங்குவாய்.

அன்று சாயங்காலம் வண்டியைக் கொட்டகையில் விட்டதும் அப்பா பட்டறைப் பக்கம் போய் ஓர் உருண்டை மண்ணோடு வந்தார். புகைக் குழாயின் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார். இனி யார் வரப் போகிறார்கள், எலி பூந்துடும் என்றார். நான் அவர் கையிலிருந்து மண்ணை வாங்கிக்கொண்டேன். "அடைக்காதீங்க. நாளைக்கும் எடுங்க. கால் வலிச்சா நான் ஒத்தடம் குடுக்கறேன்" என்றேன்.

நீ அடைத்த மண்ணை நான் தூக்கிப் போடவில்லை. பட்டறையில் சொல்லி, சூளையில் பொம்மைகளோடு அதையும் வைத்துச் சுட்டு வாங்கினேன். கரியெல்லாம் எரிந்துபோய் வெள்ளையாக வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு கீறல், மற்றபடி உன் விரல் ரேகை ஒன்றுகூட அழியவில்லை. அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். உப்பு எடுக்கும்போது சில சமயம் அந்தப் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். என் விரலுக்கு அது பெரிதாக இருக்கிறது. நீ அவ்வளவு வளர்ந்துவிட்டாய் என்பது பக்கத்தில் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை.

உன் வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். மருமகளை நன்றாகப் பார்த்துக்கொள். கார்டில் உடம்பு நலம் என்று மட்டும் எழுதாமல் என்ன சாப்பிட்டாய், யாரோடு சண்டை போட்டாய், அவள் எதற்குச் சிரித்தாள் என்று எழுது. எஃப்.சி. அடுத்த மாசி வரை இருக்கிறது. எந்த ரயிலில் வருகிறாய் என்று முன்கூட்டி எழுதக்கூட வேண்டியதில்லை. மெட்ராஸிலிருந்து எந்த ரயில் வந்தாலும் அப்பா வண்டியோடு ஜங்ஷன் வாசலில் நிற்கிறார். சவாரிக்காக நிற்கிறேன் என்றுதான் சொல்கிறார்.